ஏலத்துக்கு வரும் போலீஸ் கார்: வாங்குமுன் பார்க்க வேண்டியதும் வாங்கியபின் செய்ய வேண்டியதும்

கேள்வி இதுதான்: "டெக்சாஸில் இருக்கிறேன். பக்கத்து கவுண்டி நடத்தும் ஏலத்தில் 2009 ஃபோர்டு கிரவுன் விக்டோரியா போலீஸ் கார் ஒன்று வந்திருக்கிறது. 1,04,000 மைல் ஓடியது என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் என்னென்ன வேலை இருக்கும்?"

வாங்கலாம். அமெரிக்காவில் வீட்டு முற்றத்திலேயே வேலை செய்து ஓட்டக்கூடிய கார்களில் இதைவிட எளிதானது குறைவு. தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த உடல், முன்னால் 4.6 லிட்டர் வி8, பின்சக்கர இழுவை, கை நுழையும் அளவுக்குத் தாராளமான பானெட். ஆனால் அந்த 1,04,000 என்ற எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். போலீஸ் கார் தேய்வது ஓடுவதால் மட்டும் இல்லை, நின்றுகொண்டே இன்ஜின் ஓடுவதாலும்தான். விளக்கு, ரேடியோ, கம்ப்யூட்டர், ஏசி எல்லாம் வேலை செய்ய வேண்டுமென்று மணிக்கணக்கில் ஐடிலில் நிறுத்தி வைப்பார்கள்.

2006 முதல் வந்த போலீஸ் மாடல்களில் இன்ஜின் ஓடிய மணிநேரம் பதிவாகிறது. சாவியைத் திருப்பி, ஓடோமீட்டருக்குரிய பட்டனை ஒவ்வொரு முறையாக அழுத்தினால் ட்ரிப் கணக்குகளைத் தாண்டி அந்த எண் வரும். ஏலப் படங்களில் அது இல்லையென்றால் விற்பனைத் தொடர்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் படம் எடுத்து அனுப்புவார்கள். 6,500 மணி என்று வந்தால் கணக்கு இப்படிப் போகும்: 1,04,000 மைலை 6,500ஆல் வகுத்தால் மணிக்கு 16 மைல். சாலையில் கார் சராசரியாக அவ்வளவு மெதுவாக ஓடுவது அரிது. ஓடிய நேரத்தில் சராசரி 30 மைல் என்று வைத்தால் ஓடியது சுமார் 3,470 மணி, மீதி 3,030 மணி சும்மா நின்றது. ஒரு மணி நேர ஐடிலை 33 மைல் ஓட்டத்துக்குச் சமமாகக் கணக்கிடச் சொல்வது ஃபோர்டு நிறுவனமே. அப்படியானால் இன்ஜின் வயதில் இன்னும் ஒரு லட்சம் மைல் கூடுகிறது. இது இரண்டு லட்சம் மைல் ஓடிய இன்ஜின் என்று நினைத்து விலை கேளுங்கள். எண்ணெய் ஒழுங்காக மாற்றப்பட்டிருந்தால் இந்த இன்ஜினுக்கு அது பெரிய வயது இல்லை. டாக்சிகளில் இதைவிட அதிகம் ஓடியிருக்கிறது.

இதையே திருப்பிப் பார்த்தால் ஒரு நல்ல வழி தெரியும். நெடுஞ்சாலை ரோந்துக் கார் 1,40,000 மைலும் 4,000 மணியும் காட்டினால், ஊருக்குள் சுற்றிய 90,000 மைல், 8,000 மணிக் காரைவிட அது மேல். துப்பறியும் பிரிவும் அலுவலகமும் பயன்படுத்திய கார்கள் இன்னும் மேல். கூரையில் லைட் பார் இருந்திருக்காது, நடுவில் கைதிக் கூண்டு இருந்திருக்காது, துளைகளும் குறைவு.

உண்மையிலேயே போலீஸ் மாடல்தானா என்பதை வின் எண்ணில், அதாவது காரின் அடையாள எண்ணில் பாருங்கள். ஐந்து, ஆறு, ஏழாம் இடங்களில் பி71 என்று இருக்க வேண்டும். 2010, 2011 மாடல்களில் பி7பி. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஆக்ஸில் குறியீடு இருக்கும். இசட்5 என்றால் 3.27 விகிதம், சாதாரண டிஃபரென்ஷியல். எக்ஸ்5 என்றால் அதே விகிதத்தில் லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழல விடாத வகை. மழையில் பின்சக்கரம் வழுக்குவதைப் பார்த்தவர்கள் எக்ஸ்5ஐத்தான் தேடுவார்கள்.

ஏலத்தின் நடைமுறை பற்றிச் சுருக்கமாக. கவ்டீல்ஸ், பப்ளிக் சர்ப்ளஸ், முனிசிபிட் போன்ற தளங்களில் உள்ளூர் அமைப்புகள் விற்கும். மத்திய அரசுக் கார்கள் அதன் பொதுச் சேவை அமைப்பான ஜிஎஸ்ஏ நடத்தும் ஏலத்தில் வரும். எல்லாமே 'இருந்த இடத்தில், இருந்த நிலையில்' விற்பனைதான். ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், பிறகு குறை சொல்லிப் பயனில்லை. கேட்ட விலையோடு வாங்குபவர் கட்டணம் என்று ஒரு சதவீதம் சேரும், வரி சேரும். 3,000 டாலருக்கு எடுத்தால் 12.5 சதவீதக் கட்டணம் 375, அதன்மேல் டெக்சாஸ் வாகன வரி 6.25 சதவீதம் சுமார் 210, ஆக 3,585. பணம் கட்டவும் காரை எடுத்துப் போகவும் சில நாட்கள்தான் கெடு. அது விதிகளில் எழுதியிருக்கும், தாண்டினால் காரும் போகும், அபராதமும் விழும். கடைசி நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் நேரம் தானாக நீளும், அதனால் கடைசி நொடியில் அடிக்கும் உத்தி இங்கே எடுபடாது. உங்கள் உச்ச விலையை முன்பே எழுதி வைத்துக்கொண்டு அதைத் தாண்டாமல் இருங்கள். காரின் விலையளவுக்குப் பணம் பழுதுக்காகத் தனியாக இருக்கட்டும்.

டைட்டில் என்ற உரிமைப் பத்திரம் எப்போது கையில் வரும், சுத்தமான டைட்டிலா என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். மீட்டரில் உள்ள மைல் சரி என்று விற்பவர் எழுதித் தரும் ஓடோமீட்டர் உறுதிமொழி விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. 2011 முதலான மாடல்களுக்கு 20 ஆண்டு வரை அந்த உறுதிமொழி கட்டாயம். 2010 வரையிலான மாடல்களுக்குப் பழைய பத்தாண்டு விதிதான், அது எப்போதோ முடிந்துவிட்டது. உங்கள் 2009 கார் விதிவிலக்கில் வருவதால், மீட்டர் எண்ணுக்குத் துணையாகப் பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். அரசுப் பணிமனைகள் ஒவ்வொரு வேலையையும் தேதியோடு பதிந்து வைத்திருக்கும். இந்தக் கார்களை வாங்குவதில் கிடைக்கும் பெரிய அனுகூலம் அதுதான்.

நேரில் பார்க்க ஒரு நாள் கொடுத்திருப்பார்கள். போகும்போது டார்ச், காரின் பிழைக்குறிகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர், ஜம்ப் ஸ்டார்ட்டர், மண்டியிட ஒரு பாய் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போவது நல்லது. முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி சங்கிலி கரகரத்து அடங்கினால் பயமில்லை. அடங்காமல் தொடர்ந்தால் டைமிங் சங்கிலியின் டென்ஷனரும் கைடும் தேய்ந்திருக்கின்றன, விலகிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனவுடன் ஒரு வீச்சு நீலப்புகை வந்தால் வால்வு சீல், ஐடிலில் வயதான இன்ஜினின் அடையாளம். எண்ணெய் குறையும், ஆனால் ஓடும். ஸ்கேனரில் பிழைக்குறி எதுவும் இல்லையென்றவுடன் மகிழ வேண்டாம், ரெடினெஸ் மானிட்டர்கள், அதாவது கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள், முடிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் 'முடியவில்லை' என்றால் பேட்டரியைக் கழற்றியோ ஸ்கேனரால் அழித்தோ வைத்திருக்கிறார்கள். டாலஸ், ஹாரிஸ், டிராவிஸ் போன்ற புகைச் சோதனை உள்ள கவுண்டிகளில் அது தலைவலி. கியரை பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றிப் பாருங்கள். இரண்டு நொடிக்கு மேல் தாமதித்துப் பிடித்தால் கியர்பாக்ஸுக்குப் பணம் ஒதுக்க வேண்டிவரும்.

பிறகு கீழே படுத்துப் பாருங்கள். டெக்சாஸ் கார் என்றால் துரு குறைவு. ஒஹாயோ, மிச்சிகன், நியூயார்க் போன்ற உப்புத் தூவும் மாநிலத்திலிருந்து வந்ததென்றால் பின் கன்ட்ரோல் ஆர்ம்கள் சட்டத்தில் இணையும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். செதில் உதிர்ந்தால் பரவாயில்லை. முனை உள்ளே போனால் அந்தக் கார் வேண்டாம், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பிரேக் குழாய்களையும் அதே கண்ணோடு பாருங்கள்.

காரை வீட்டுக்கு ஓட்டி வர நினைத்தால் டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத் தேதியைப் படியுங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஏலத்துக்கு அனுப்பும் முன் நல்ல டயரைக் கழற்றிவிட்டுக் கிடந்த பழையதை மாட்டுவது நடப்பதுண்டு. சந்தேகம் இருந்தால் டிரெய்லரில் ஏற்றிவிடுங்கள். காப்பீடும் தற்காலிக அனுமதியும் கைக்கு வருமுன் சாலையில் இறக்காதீர்கள், அரசு எண்பலகையைக் கழற்றித்தான் தருவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பலரும் இன்ஜினில் கைவைப்பார்கள். முதல் வேலை அதுவல்ல, வயரிங். இந்தக் கார்களை நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் ஃபோர்டு செய்த பாகங்கள் இல்லை. லைட், சைரன், ரேடியோ பொருத்தியவர்கள் போட்டு, ஏலத்துக்கு முன் அவசரமாக வெட்டிவிட்டுப் போன வயர்கள்தான். கழற்றும் ஆளுக்குத் தேவை அந்தக் கருவி மட்டும். வயரை இடுக்கியால் வெட்டிவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுவார். உயிரோடு இருக்கும் 12 வோல்ட் வயர் நுனி தரை விரிப்புக்கு அடியில் நிர்வாணமாகக் கிடக்கும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மஞ்சள் கனெக்டர் எதையும் தொடாதீர்கள், அவை ஏர்பேக். வேலையை நுனியிலிருந்து தொடங்காமல் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். பாசிட்டிவ் முனையில் ஃபோர்டின் கேபிள்களோடு கூடுதலாகத் தடித்த சிவப்புக் கேபிள் ஒன்றிரண்டு இருக்கும், பக்கத்திலேயே பிரேக்கரோ பெரிய ஃப்யூஸோ இருக்கும். அதை அங்கேயே கழற்றி, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள சுவர்) வழியாக, கதவோரத் தகட்டுக்கு அடியில், டிக்கி வரை போகும் முழு நீளத்தையும் உருவி எடுங்கள். உருவ வராத துண்டை இரு முனையிலும் வெட்டி ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) போட்டு மூடுங்கள். டேஷ்போர்டுக்கு அடியிலும் டிக்கியிலும் தொழிற்சாலையே விட்ட போலீஸ் வயர்கள் சிலவும் இருக்கலாம். ஃபோர்டின் ஒரே சீரான துணிநாடா சுற்றியிருப்பதால் அடையாளம் தெரியும். அவற்றை உருவ வேண்டாம், நுனியை மூடினால் போதும்.

முக்கியமாகத் தேட வேண்டியவை மூன்று. ஒன்று, இக்னிஷன் பிடிமானப் பெட்டி. சாவியை எடுத்த பிறகும் இன்ஜினை ஓடவிட்டு, யாராவது பிரேக்கை மிதித்தால் அணைத்துவிடும் கருவி அது. ஸ்டியரிங் தூணுக்கு அடியில் இக்னிஷன் வயர்களிலும் பிரேக் சுவிட்சிலும் இடைச்சேர்த்திருப்பார்கள். பெட்டியை மட்டும் பிடுங்கிப்போனால் ஒருநாள் ஸ்டார்ட் ஆகும், ஒருநாள் ஆகாது, இன்னொரு நாள் சிக்னலில் அணையும். இரண்டு, ஹெட்லைட்டை மாறிமாறி மின்ன வைக்கும் ஃப்ளாஷர். அதன் இணைப்புகள் ஹெட்லைட் சாக்கெட்டுக்குப் பின்னாலேயே இருக்கும். மூன்று, டிக்கியில் பின்விளக்கு வயர்களைக் கடித்துப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் இணைப்புகள். வெளியே நீலமாகவோ சிவப்பாகவோ ஒழுங்காகத் தெரியும்; பிரித்தால் செம்பு பச்சை பூத்திருக்கும். அந்த ஒரு அங்குலத்தை வெட்டி எறிந்து, நல்ல செம்பு வரும்வரை உரித்து, சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். முறுக்கி டேப் ஒட்டுவது இங்கே வேலையே இல்லை.

முடித்தபின் மின்கசிவு சோதனை. மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் சிவப்பு வயரை மாற்றி, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் மீட்டரை வைக்க வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்து, அதன் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தட்டி 'மூடிய' நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஃப்யூஸ் பெட்டிக்குக் கை போகும், உள்விளக்கும் அணைந்திருக்கும். முதலில் சில ஆம்பியர் காட்டும், பிறகு படிப்படியாக இறங்கும். காரின் கம்ப்யூட்டர் மாட்யூல்கள் தூங்க முப்பது நாற்பது நிமிடம் கொடுங்கள். கடைசியில் 0.05 ஆம்பியருக்குக் கீழே நின்றால் வேலை முடிந்தது. 0.30இல் நின்றால் 60 ஆம்பியர்-மணி பேட்டரி எட்டு நாளில் காலி. ஒவ்வொரு ஃப்யூஸாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தபோது எண் விழுகிறதோ அந்தப் பாதையில் இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது. எந்த ஃப்யூஸுக்கும் விழவில்லையென்றால் பேட்டரியிலிருந்து நேரே போகும் கேபிள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

அடுத்தது துளைகள். கூரையிலும் டிக்கி மூடியிலும் ஆன்டெனாவுக்காக முக்கால் அங்குலத் துளைகள், லைட் பாரின் வயர் இறங்கிய துளை, முன் தூணில் ஸ்பாட்லைட் தண்டு போன துளை, ஃபயர்வாலில் கேபிள் போன துளை, டிக்கித் தரையில் ரேடியோ தட்டு பொருத்திய துளைகள். ஆன்டெனாவை எடுத்துவிட்டு மேலே ஒரு டேப் துண்டை ஒட்டி ஏலத்துக்கு அனுப்பியிருப்பார்கள். இரண்டு மழையில் அது உரிந்துவிடும். தண்ணீர் ஹெட்லைனருக்கு (கூரையின் உள்பக்க விரிப்புக்கு) மேலாக வந்து, தூண் வழியாக இறங்கி, ரப்பர் தரைக்கு அடியில் தேங்கும். போலீஸ் காரில் கார்ப்பெட்டுக்குப் பதில் தடித்த ரப்பர் தரை. மேலே துடைத்தால் காய்ந்திருக்கும், அடியில் உள்ள பஞ்சு மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். கதவோரத் தகட்டைக் கழற்றிக் கையை உள்ளே விட்டு அந்தப் பஞ்சைப் பிழிந்து பாருங்கள். ஈரமென்றால் முன் சீட்டுகளைக் கழற்றித் தரை முழுவதையும் வெளியே எடுத்துக் காயவைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆன்டெனாவின் திருகு அடித்தளம் கூரையிலேயே இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம். ரப்பர் வளையம் வைத்த மூடி சில டாலருக்குக் கிடைக்கும், திருகி மூடினால் ஒரு சொட்டு இறங்காது. வெறும் துளைக்கு, விளிம்புத் துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு ப்ரைமர் அடித்து, ரப்பர் அடைப்பானைக் கண்ணாடி ஒட்டும் யூரித்தேன் பசையோடு அழுத்துங்கள். சாதாரண சிலிக்கான் வேண்டாம். சில வெயிலில் விலகிவிடும், அதன்மேல் பெயின்டும் பிடிக்காது. காருக்கு முழுப் பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள், ஹெட்லைனரை இறக்காமல் வெல்டிங் பொறி பக்கத்தில் வரக்கூடாது. ஃபயர்வால், டிக்கித் துளைகளைக் கட்டாயம் மூடுங்கள். அது தண்ணீருக்காக மட்டும் இல்லை. 2017இல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் போலீஸ் வண்டிகளுக்குள் கார்பன் மோனாக்சைடு வருகிறது என்ற புகார் பெரிதானபோது, கருவி பொருத்தியவர்கள் போட்டு மூடாமல் விட்ட துளைகளை ஒரு காரணமாக ஃபோர்டு சொன்னது. போலீஸ் வண்டிகளைத் தன் செலவில் சரிசெய்தும் கொடுத்தது. வேறு மாடல்தான், ஆனால் துளை துளைதான். மூடியபின் ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் ஹோஸால் பத்து நிமிடம் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

இப்போது இன்ஜினுக்கு வரலாம். எண்ணெய் 5டபிள்யூ-20, ஃபில்டரோடு 6 குவார்ட், ஃபில்டர் மோட்டர்கிராஃப்ட் எஃப்எல்-820எஸ். ஃபில்டர் பொருந்தும் அலுமினிய அடாப்டரின் கேஸ்கெட் இந்தக் கார்களில் கசியும். போலீஸ் மாடலில் ஆயில் கூலர் அங்கே இருப்பதால் எண்ணெயும் கூலன்ட்டும் சேர்ந்தே வடியும். எண்ணெய்க் கசிவு முன்பக்கக் கீழ்ப் பகுதியில் தெரிந்தால் ஆயில் பேனைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள், மலிவான கேஸ்கெட்தான்.

ஸ்பார்க் பிளக் எட்டு, இடைவெளி 0.054 அங்குலம். இன்ஜின் முழுதும் குளிர்ந்தபின் மட்டுமே கழற்றுங்கள். தலைப்பகுதி அலுமினியம், சூட்டில் திருகினால் மரை உரியும். கழற்றுமுன் ஒவ்வொரு குழியிலும் காற்றழுத்தம் விட்டு மணலை வெளியேற்றுங்கள், இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழும். குழியில் தண்ணீர் நின்றால் இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டையோ மேலே போகும் ஹீட்டர் ஹோஸையோ பாருங்கள். தண்ணீர் நின்ற குழியின் காயில், அதாவது பிளக்குக்கு மின்பொறி தரும் சுருள்தான், மிஸ்ஃபயர் (சிலிண்டர் எரியாமல் விடுவது) தரும். சிலிண்டர் எண்ணிக்கை பயணி பக்க முன்புறத்திலிருந்து 1 முதல் 4, ஓட்டுநர் பக்கம் 5 முதல் 8. ஸ்கேனரில் பி0304 என்ற மிஸ்ஃபயர் குறி வந்தால் அது 4ஆம் சிலிண்டர், பயணி பக்கத்தில் கடைசி. காயிலைப் பக்கத்துக் காயிலோடு மாற்றிப் பார்த்து, குறியும் கூடவே நகர்ந்தால் மட்டும் புதிது வாங்குங்கள். இந்த இன்ஜினைப் பிரஷர் வாஷரால் கழுவவே கூடாது.

காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று சொல்லும் பி0171, பி0174 குறிகள் இரண்டும் சேர்ந்து வந்து ஐடில் நடுங்கினால், இன்டேக்குக்குப் பின்னால் கைக்கு எட்டாத இடத்தில் வளைந்து போகும், இன்ஜின் ஆவியைக் கடத்தும் பிசிவி ரப்பர் முழங்கையைத் தடவிப் பாருங்கள். வெப்பத்தில் கூழாகி, தொட்டாலே விரலில் கரியாக ஒட்டும். பத்திருபது டாலர் பாகம். இதைப் பார்க்காமல் ஆக்சிஜன் சென்சார்களை மாற்றிக் காசைக் கொட்டுபவர்கள் அதிகம். நீங்கள் 2009ஐ விட்டு 1996 முதல் 2001 வரையிலான காரைப் பார்த்தால் இன்டேக் முன்புறத்தில் கூலன்ட் போகும் பாதையே பிளாஸ்டிக், அது வெடிக்கும். அலுமினியப் பாதை வைத்த மாற்று மேனிஃபோல்டு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கியர்பாக்ஸ் எண்ணெய் மெர்கான் V. பேனை இறக்கி ஃபில்டர் மாற்றினால் ஐந்தாறு குவார்ட்தான் வெளிவரும். மொத்தம் 14 குவார்ட்டுக்குப் பக்கம். அதனால் 500 மைல் ஓட்டி மறுபடி ஒருமுறை மாற்றுவது நல்லது. 40, 45 மைல் வேகத்தில், சாலையோர ரிப்பிள் பட்டையின்மேல் போவது போல வண்டி அதிர்ந்தால் கியர்பாக்ஸை இன்ஜினோடு இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் கிளட்ச் வழுக்குகிறது. பாதிக்கு மேல் புது எண்ணெயிலேயே சரியாகிவிடும். பேன் அடியிலுள்ள காந்தத்தில் மாவு போன்ற சாம்பல் படிவு இருந்தால் இயல்பு, சுருள் துகள் இருந்தால் உள்ளே தேய்கிறது. பின் ஆக்ஸிலுக்கு 75டபிள்யூ-140 சிந்தெடிக். எக்ஸ்5 ஆக்ஸில் என்றால் கூடவே 4 அவுன்ஸ் ஃப்ரிக்ஷன் மாடிஃபையர். அதை விட்டுவிட்டால் திருப்பங்களில் பின்னால் கடகடவென்று முனகும்.

அடிப்பகுதியில் தேய்ந்திருப்பது ஊகிக்கக்கூடியதுதான். முன்புற பால் ஜாயின்டுகள், டை ராடு முனைகள், ஷாக்குகள், பின் ஆக்ஸிலை நடுவில் நிறுத்தும் வாட்ஸ் லிங்க்கின் புஷ்கள். கர்ப் கல்லில் ஏறி இறங்கிய கார்கள் இவை. பால் ஜாயின்டைத் தனியாக அடித்து இறக்குவதைவிடக் கன்ட்ரோல் ஆர்மோடு சேர்த்தே மாற்றுவது எளிது. டயர் அளவு 235/55ஆர்17, வீல் நட்டு இறுக்கம் 100 அடி-பவுண்டு. எரிபொருள் தொட்டி பின் ஆக்ஸிலுக்கும் டிக்கிக்கும் நடுவில் இருப்பதால், பின்னாலிருந்து வேகமாக மோதப்பட்ட போலீஸ் கார்கள் தீப்பிடித்திருக்கின்றன. 2002 முதல் ஆக்ஸில் பக்கக் கூர்முனைகளுக்கு ஃபோர்டு பிளாஸ்டிக் கவசங்கள் கொடுத்தது. உங்கள் காரில் அவை இருக்கின்றனவா என்று கீழே பார்த்து உறுதிசெய்யுங்கள். ஜாக், கடப்பாரை, கருவிப் பெட்டி போன்ற கூர்மையான எதையும் டிக்கியின் முன்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். 2005 முதல் தீயணைப்பு அமைப்பும் விருப்பத் தேர்வாக வந்தது. இருந்தால் அதன் கனெக்டர்களை அவிழ்க்காதீர்கள்.

உள்ளே பின்கதவுகள் உள்ளிருந்து திறக்காது. குடும்பத்தோடு ஏறும் முன் சரிசெய்ய வேண்டியது இது, விபத்தில் பின்சீட்டில் இருக்கும் குழந்தை தானாக வெளியே வர முடியாது. கதவு பேனலைக் கழற்றினால் கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் இணைப்பு அவிழ்த்து விடப்பட்டோ எடுக்கப்பட்டோ இருக்கும். இதன் சகோதர மாடலான மெர்குரி கிராண்ட் மார்க்விஸ் அல்லது சாதாரண கிரவுன் விக்டோரியா ஒன்றை ஸ்க்ராப் யார்டில் பிடித்தால் அந்தப் பாகம், ஜன்னல் சுவிட்ச், கார்ப்பெட், துணி வைத்த பின்சீட் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். முன்சீட் மாற்றும்போது உங்கள் சீட்டில் பக்க ஏர்பேக் இருக்கிறதா என்று முதலில் பார்த்து அதே வகையை எடுங்கள், மாறினால் ஏர்பேக் விளக்கு அணையாது. கைதிக்கூண்டைத் தாங்கிய தூண் துளைகளில் கூர்விளிம்பு இருக்கும், அரத்தால் தேய்த்து மூடுங்கள்.

சாவியை மறக்காதீர்கள். போலீஸ் அமைப்புகள் பல தங்கள் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி வரும்படி வாங்கும். 1284எக்ஸ் போன்ற பொதுக் குறியீடுகளுக்கான சாவி யாருக்கும் சில டாலருக்குக் கிடைக்கும், திருட்டைத் தடுக்கும் மின்னணுச் சிப்பும் அதில் கிடையாது. இக்னிஷன் சிலிண்டரையும் கதவுப் பூட்டுகளையும் முதல் மாதத்திலேயே மாற்றுங்கள்.

வெளியே ஸ்டிக்கர் மிச்சங்களை ஹீட் கன்னால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் பிளேடால் தாழ்ந்த கோணத்தில் தள்ளி, பசையைக் கரைப்பானால் துடையுங்கள். இரும்பு பிளேடு கிளியர் கோட்டைச் சீவிவிடும். எழுத்தின் நிழல் மட்டும் அப்படியே நிற்கும். ஸ்டிக்கர் மூடிய இடம் வெயில் படாமல் புதிதாக, சுற்றிலும் வெளிறியிருக்கும். பாலிஷ் அடித்தால் பாதி மறையும், மீதிக்குப் பெயின்ட்தான். சிவப்பு, நீல விளக்கு எதையும், மின்னாவிட்டாலும், காரில் வைக்காதீர்கள். கதவில் நட்சத்திரச் சின்னமும் வேண்டாம். கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயரும் எண்ணம் இருந்தால் கறுப்பு-வெள்ளை வண்ணத்தை அப்படியே வைத்திருக்க முடியாது. போலீஸ் காரைப் போல வண்ணம் பூசிய காரை வைத்திருப்பதையே அங்கே வாகனச் சட்டம் 27605ஆம் பிரிவு தடுக்கிறது.

இந்த ஏலம் கைநழுவினால் அடுத்து கண்ணில் படுவது டாட்ஜ் சார்ஜரும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரும்தான். கிரவுன் விக்டோரியா 2011 செப்டம்பரோடு நின்றுவிட்டதால் நல்லவை குறைந்துகொண்டே போகின்றன. 5.7 லிட்டர் சார்ஜரில் நீண்ட ஐடிலால் வால்வு லிஃப்டர் தேய்ந்து கேம்ஷாஃப்டையும் கெடுக்கும். சூடான இன்ஜினில் டிக் டிக் சத்தம் நிற்காவிட்டால் விட்டுவிடுங்கள். 2013 முதல் 2019 வரையிலான எக்ஸ்ப்ளோரரின் 3.7 வி6இல் வாட்டர் பம்ப் டைமிங் சங்கிலிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கசிந்தால் கூலன்ட் எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்னும். ஆல்டர்னேட்டர் பக்கத்தில் கூலன்ட் கறை இருக்கிறதா என்று பார்த்து, டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் சாவியைத் திருப்பாமலேயே அடுத்த காருக்குப் போங்கள்.